மூலிகை ஊட்டம் கொடுத்தும் தேனீக் கூட்டம் தேறவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தைமால் (ஓமத்தில் உள்ள மணப்பொருள்), எலுமிச்சைப்புல் எண்ணெய், புதினா எண்ணெய், ஓக் மரப்பட்டைச் சாறு, பூண்டு – லவங்கப்பட்டைக் கலவை, கடற்பாசிச் சாறு, நிலவேம்பு, மாசிப்பத்திரி வகைக் கஷாயங்கள் என்று தேனீக்களுக்கான தாவர ஊட்டங்கள் இன்று பல வடிவில் கிடைக்கின்றன. ஆய்வுக்கூடக் கூண்டில் இவற்றில் சில, தேனீயின் குடலைத் தாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணியான நோசிமாவின் வித்துகள் (ஸ்போர்கள்) எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன. ஆனால் கூண்டில் இருப்பவை சில டஜன் தேனீக்கள். அவற்றுக்கு வேறு உணவும் கிடையாது. பெட்டியில் பல்லாயிரம் தேனீக்கள், வெளியே பூக்கள், உள்ளே சேமித்த தேன் என்று நிலைமையே வேறு. அதனால்தான் கூண்டில் தெரிந்த பலன் பெட்டியில் பாதிகூடத் தெரியாமல் போகிறது.

பலன் தெரியாதபோது செடியைக் குறை சொல்வது எளிது. உண்மையில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். ஒட்டுண்ணி வேறாக இருக்கும், அல்லது தேனீக்கள் ஊட்டத்தைச் சாப்பிட்டிருக்காது, அல்லது முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். கீழே உள்ளவற்றில் உங்கள் பெட்டியில் தெரிவது எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். எண்ணும் முறை மட்டும் எல்லோருக்கும் வேண்டும், அது இரண்டாவது அறிகுறியின் கீழ் இருக்கிறது.

பெட்டியின் முகப்பிலும் சட்டங்களின் மேலும் மஞ்சள், பழுப்புக் கறை

கழிச்சல் கறையைப் பார்த்ததும் நோசிமா என்று முடிவு கட்டாதீர்கள். கறை உண்டாக்குவதில் பேர்போனது நோசிமா ஏபிஸ். 1996-ல் ஆசியத் தேனீயிடம் கண்டறிந்து பெயரிடப்பட்ட நோசிமா செரானே, கறையே போடாமல் கூட்டத்தைக் கரைத்துவிடும். மறுபக்கம், ஒட்டுண்ணி எதுவும் இல்லாமலே கழிச்சல் வரும். வரும் வழிகள் இவை:

- நாள்கணக்கில் குளிரோ மழையோ பிடித்து, தேனீக்கள் வெளியே பறந்து கழிக்க முடியாமல் அடைந்து கிடந்தது.
- பாகு புளித்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாலே தெரியும்.
- வெல்லம், பழுப்புச் சர்க்கரை போன்ற சுத்திகரிக்காத இனிப்பில் பாகு காய்ச்சியது. அதில் இருக்கும் தாது உப்பும் கசடும் செரிக்காமல் குடலில் தங்கும்.
- பாகில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்துக் கொதிக்க வைத்தது. அமிலமும் சூடும் சேர்ந்தால் ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃப்யூரால் என்ற பொருள் உருவாகும். அது தேனீயின் குடலுக்கு நஞ்சு. "நோசிமாவுக்குப் புளிப்பு நல்லது" என்று கேள்விப்பட்டு இப்படிச் செய்கிறவர்கள் தாங்களே கழிச்சலை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

சந்தேகம் தீர அந்த இடத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வாசலுக்குத் திரும்பி வரும் தேனீக்களில் பத்தைப் பிடித்துச் சில நிமிடம் உறைபெட்டியில் வைத்துக் கொல்லுங்கள். தலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, வயிற்றின் கடைசிக் கண்டத்தைக் கொடுக்கோடு சேர்த்து இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டால் குடல் பாதியில் அறுந்துவிடும். நிதானமாக இழுத்தால் முழுதாக வரும். நல்ல நடுக்குடல் தேன் கலந்த பழுப்பு நிறத்தில், குறுக்கே வளையம் வளையமாகச் சுருக்கங்களோடு இருக்கும். நோசிமா முற்றிய குடல் உப்பி, பால் வெள்ளையாக, வளையங்கள் மறைந்து வழவழப்பாக இருக்கும். பத்தில் மூன்று நான்கு இப்படி இருந்தால் நோய் நன்றாகவே பிடித்திருக்கிறது. எல்லாம் பழுப்பாக இருந்தால் தொற்று இல்லை என்று அர்த்தமில்லை, ஆரம்ப நிலையை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு மைக்ரோஸ்கோப்தான்.

கறை இல்லை, பிணம் இல்லை, ஆனால் கூட்டம் தேய்ந்துகொண்டே போகிறது

நோசிமா செரானேயின் வழக்கமான முகம் இதுதான். வித்து உணவோடு உள்ளே போய், நடுக்குடல் அணுக்களில் தன் துருவ இழையை (ஊசி போல வெளியே பாயும் நுண்குழாய்) குத்தி நுழைகிறது. அங்கே பெருகி, அணு வெடித்துப் புதிய வித்துகள் வெளிவருகின்றன. குடல் பழுதானால் எவ்வளவு தின்றாலும் சத்து சேராது. புழுக்களுக்கு ஊட்டும் பால் சுரப்பி வாடிவிடும். தேனீ தன் வயதுக்கு முன்பே இரை தேடப் பறக்கத் தொடங்கி, வெளியிலேயே செத்துவிடும். பெட்டிக்குள் பிணம் குவியாததற்குக் காரணம் இதுதான். புழு நிறைய, ராணி நலம், பார்த்துக்கொள்ளத் தேனீ போதவில்லை என்றால் எண்ணிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

எண்ணும் முறை:

1. மாதிரி எடுக்கும் இடம் முக்கியம். வாசலைப் பஞ்சால் அடைத்து, திரும்பி வந்து மொய்க்கும் தேனீக்களைப் பிடியுங்கள். முடியாவிட்டால் ஓரச் சட்டத்தில் இருப்பவை. புழுச் சட்டத்தில் இருக்கும் இளம் தேனீக்களை எடுத்தால் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே காட்டும், ஏனென்றால் கண்ணறையிலிருந்து புதிதாக வெளிவரும் தேனீ நோயில்லாமல்தான் வருகிறது.
2. ஒரு கூட்டத்துக்கு 60 தேனீ. உடனே பார்க்க முடியாவிட்டால் 70% ஆல்கஹாலில் போட்டு வையுங்கள்.
3. வயிறுகளை மட்டும் கிள்ளி, 15 மி.லி தண்ணீரில் அம்மிக்குழவியால் நன்றாக நசுக்குங்கள். பிறகு மீதி 45 மி.லி தண்ணீரைச் சேருங்கள். ஒரு தேனீக்கு 1 மி.லி என்ற கணக்கு தவறக் கூடாது.
4. கலக்கிய கையோடு ஒரு சொட்டை ஹீமோசைட்டோமீட்டர் (நுண்ணிய கட்டங்கள் பொறித்த எண்ணும் கண்ணாடி) சில்லில் விட்டு, வித்துகள் அடியில் படிய இரண்டு நிமிடம் விட்டு, 400 மடங்குப் பெருக்கத்தில் பாருங்கள். ஆறவிட்டால் வித்துகள் குப்பியின் அடியிலேயே தங்கி எண்ணிக்கை பொய்யாகிவிடும்.
5. நடுக் கட்டத்தில் நான்கு மூலையும் மையமும் சேர்ந்த ஐந்து தொகுதிகளை, அதாவது 80 சிறு சதுரங்களை எண்ணுங்கள். வந்த எண்ணிக்கையை 50,000-ஆல் பெருக்கினால் ஒரு தேனீக்கான சராசரி. 44 வித்து கண்ணில் பட்டால் 22 லட்சம்.

நோசிமா வித்து அரிசிமணி போல நீள்வட்டமாக, எல்லாம் ஒரே அளவாக, ஓரம் கறுத்து நடு ஒளிர்ந்து தெரியும். மகரந்தத் துகள் பல மடங்கு பெரிது. ஈஸ்ட்டு அளவில் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் பெரிதும் சிறிதுமாகக் கலந்து, சிலவற்றில் முளை தள்ளியிருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஈஸ்ட்டை எண்ணிப் பயந்துபோவது சகஜம். ஏபிஸின் வித்து 6 மைக்ரான் நீளம் வரை வரும், செரானே 4.5 மைக்ரானை ஒட்டி இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிரிப்பது நம்பத்தக்கதல்ல, இனம் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பி.சி.ஆர் எனும் மரபணுப் பரிசோதனை வேண்டும். 2020-ல் இந்த இரண்டு இனங்களையும் வைரிமோர்பா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். ஆய்வக அறிக்கையில் அந்தப் பெயர் வந்தால் குழம்ப வேண்டாம்.

10 லட்சத்தை நடவடிக்கை எல்லையாகப் பலர் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 60 தேனீயில் ஆறு மட்டும் தலா ஒரு கோடி வித்தோடு இருந்தாலும் சராசரி 10 லட்சம்தான், அறுபதும் தலா 10 லட்சத்தோடு இருந்தாலும் அதே 10 லட்சம்தான். முதல் கூட்டம் சமாளித்துக்கொள்ளும், இரண்டாவது ஆபத்தில் இருக்கிறது. அதனால் சராசரியோடு நிற்காமல், அதே நாளில் பிடித்த வேறு பத்துத் தேனீக்களைத் தனித்தனியாக நசுக்கிப் பார்த்து, எத்தனையில் வித்து இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் நிலையை இந்த இரண்டாவது எண்தான் நன்றாகச் சொல்லும்.

எண்ணிக்கை கையில் இருந்தால் இப்போது ஊட்டத்தைத் தொடங்கலாம்.

தைமால் பாகு தயாரிக்கும் அளவு: மருந்துத் தரத் தைமால் படிகம் 30 கிராமை எத்தில் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, மொத்தம் 150 மி.லி ஆகும்படி நிரப்பி, இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள். இதில் 1 மி.லி, 3 லிட்டர் பாகுக்குப் போதும். லிட்டருக்குச் சுமார் 67 மில்லிகிராம் தைமால் வரும். பாகு தயாராக 1 கிலோ வெள்ளைச் சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணீர், சுமார் 1.6 லிட்டர் பாகு கிடைக்கும். குளிர்காலச் சேமிப்புக்கு என்றால் 2 கிலோவுக்கு 1 லிட்டர். தண்ணீரைக் காய்ச்சி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சர்க்கரையைக் கொட்டிக் கலக்குங்கள், பாகாகக் கொதிக்கவிட வேண்டாம். கை பொறுக்கும் சூட்டுக்கு, 40 டிகிரிக்குக் கீழே, இறங்கிய பிறகுதான் தைமாலைச் சேர்க்க வேண்டும். சூடான பாகில் ஊற்றினால் பாதி ஆவியாகி உங்கள் மூக்குக்குத்தான் போகும். கூட்டத்துக்கு ஒரு தடவை 1 லிட்டர், வாரம் ஒரு முறை, மூன்று நான்கு வாரம். கடையில் வாங்கும் கலவை என்றால் லேபிளில் உள்ள அளவுதான், அதற்கு மேல் நம் கைப்பக்குவம் வேண்டாம்.

கஷாயம் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே செடி, ஒரே எடை என்றாலும் இலை பறித்த பருவம், காய்ச்சிய நேரம் இவற்றைப் பொறுத்துச் சாறின் வீரியம் மாறும். காய்ந்த இலையை எடை போட்டு, தண்ணீரை அளந்து, காய்ச்சிய நேரத்தைக் குறித்து வைத்தால்தான் அடுத்த முறை அதே சாறு வரும். "ஒரு கைப்பிடி" என்ற அளவில் செய்தால் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் காரணம் தெரியாது. தைமால் இல்லாத கஷாயப் பாகு இரண்டு மூன்று நாளில் புளிக்கும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பாகை வைத்தது வைத்தபடியே இருக்கிறது

1 லிட்டர் பாகு இரண்டு மூன்று நாளில் தீர வேண்டும். தீரவில்லை என்றால் மருந்து உள்ளே போகவில்லை. அப்புறம் பலனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

முதலில் பூ நிலவரத்தைப் பாருங்கள். வெளியே மதுரம் பெருகும் பருவத்தில் சர்க்கரைப் பாகைத் தேனீ சீண்டாது. அது கோளாறு அல்ல, அந்தப் பருவத்தில் கொடுக்கவும் கூடாது. அடுத்து வெப்பம். பாகு 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் தேனீ குடிக்காது, கெட்டிச் சர்க்கரைப் பிசைவாக மாற்றி நேரே தேனீக் கொத்தின் மேல் வைக்க வேண்டும். கூட்டம் மிகச் சிறியதாக இருந்தால் தீவனிக்கும் (பாகு வைக்கும் பாத்திரம்) கொத்துக்கும் இடையில் உள்ள தூரமே தடையாகிவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் வாடை அதிகமாகிவிட்டது. உறுதி செய்ய இரண்டு சிறு குப்பிகள் எடுங்கள். ஒன்றில் வெறும் பாகு 200 மி.லி, மற்றதில் மருந்துப் பாகு 200 மி.லி. மூடியில் ஒரே அளவு துளைகள் போட்டு, சட்டங்களின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெறும் பாகு காலி, மருந்துப் பாகு அப்படியே என்றால் அளவைப் பாதியாக்கிக் கொடுத்து, அடுத்த வாரம் ஏற்றுங்கள். இரண்டுமே அப்படியே இருந்தால் மருந்தின் மேல் பழியில்லை, மேலே சொன்ன காரணங்களுக்குத் திரும்புங்கள்.

பாகின் மேல் எண்ணெய்ப் படலம், அல்லது அடியில் ஊசி ஊசியாகப் படிகம்

எண்ணெய் தண்ணீரோடு சேராது என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் புதினா எண்ணெயைப் பாகில் நேராகச் சொட்டுகிறவர்கள்தான் அதிகம். மேலே மிதக்கும் எண்ணெய் முதலில் வரும் தேனீக்களின் உடம்பில் பட்டு மூச்சுத் துளைகளை அடைக்கும். கடைசியில் வருபவைக்கு வெறும் பாகுதான் கிடைக்கும். ஒரே பாத்திரத்தில் ஒரு பக்கம் விஷம், ஒரு பக்கம் வெறும் சர்க்கரை!

எண்ணெய்க்குப் பால்மமாக்கி, அதாவது எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும் பொருள், வேண்டும். எளிதில் கிடைப்பது லெசித்தின். லெசித்தின் துகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, மிக்சியில் அடித்துக்கொண்டே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெள்ளையாகப் பால் போலத் திரண்டு, அரை மணி நேரம் வைத்தாலும் மேலே வளையம் கட்டாமல் இருந்தால் சரி. அதைப் பாகில் கலந்து, ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள்.

தைமால் படிகமாக அடியில் விழுவது வேறு விஷயம். தைமால் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்குத்தான் கரையும். நாம் கொடுக்கும் அளவு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆகவே பாகில் படிகம் தென்பட்டால் ஒன்று அளவு எக்கச்சக்கமாகிவிட்டது, அல்லது ஆல்கஹால் கரைசலை ஒரே இடத்தில் கொட்டிக் கலக்காமல் விட்டுவிட்டீர்கள். கரைசலை முதலில் ஒரு டம்ளர் பாகில் நன்றாக அடித்துக் கலந்து, பிறகு அதை மொத்தப் பாகில் சேர்த்தால் இந்தத் தொல்லை வராது. படிகம் தெரிந்த பாகைத் தேனீக்குக் கொடுக்க வேண்டாம்.

பாகு வைத்த மறுநாள் வாசலில் சண்டை

தேனீக்கள் கட்டிப் புரள்வது, பளபளவென்று மயிர் உதிர்ந்த அந்நியத் தேனீக்கள் பெட்டியின் இடுக்குகளை மோப்பம் பிடிப்பது, அடிப்பலகையில் மெழுகுத் துகள் சிதறுவது எல்லாம் கொள்ளையின் அடையாளம். எலுமிச்சைப்புல் எண்ணெய் போட்டிருந்தால் ஆச்சரியமே இல்லை. அதில் உள்ள சிட்ரால், தேனீக்கள் தம் கூட்டாளிகளை "இங்கே வா" என்று அழைக்கச் சுரக்கும் நசனோவ் வாசனையிலும் இருக்கிறது. உங்கள் நோஞ்சான் கூட்டத்தின் வாசலில் நீங்களே அழைப்பு மணி அடித்திருக்கிறீர்கள். கொள்ளையடித்த பாகோடு நோசிமா வித்துகளும் மற்றப் பெட்டிகளுக்குப் போய்ச் சேரும், பெரிய நஷ்டம் அதுதான்.

வாசலை ஒரு தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்கி, சிந்திய பாகைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பெட்டியின் மேல் ஈரத்துணி போர்த்துங்கள். அடுத்த முறை பொழுது சாய்ந்த பிறகு, பெட்டிக்கு உள்ளே வைக்கும் தீவனியில் மட்டும் கொடுங்கள். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மாலையில் கொடுத்துவிட்டால் ஒன்றையொன்று தேடிப் போவது குறையும். பலவீனமான கூட்டங்களுக்கு எலுமிச்சைப்புல் வேண்டாம், தைமால் போதும்.

இறக்கை சுருங்கிய தேனீக்கள், புழுக்கள் ஆங்காங்கே செத்துக் கிடப்பது

இது வர்ரோவா உண்ணி. தைமால் பாகை எத்தனை வாரம் கொடுத்தாலும் உண்ணி சாகாது. பாகில் போகும் தைமால் குடலுக்குப் போகிறது. உண்ணியோ வெளியே வயிற்றுக் கண்டங்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு கொழுப்புத் திசுவைத் தின்கிறது, அல்லது மூடிய கண்ணறைக்குள் முட்டையிட்டுப் பெருகுகிறது. உண்ணிக்குத் தைமால் ஆவியாகத்தான் போய்ச் சேர வேண்டும்.

முதலில் எண்ணுங்கள். புழுச் சட்டத்திலிருந்து, ராணி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 120 மி.லி கிண்ணம் நிறையத் தேனீக்களை அள்ளினால் ஏறத்தாழ 300 இருக்கும். ஆல்கஹாலில் ஒரு நிமிடம் குலுக்கி, வலையில் வடித்து, உண்ணிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் சதவீதம். ஒன்பது உண்ணி என்றால் 3%, இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

தைமால் கூழ் வடிவில் 50 கிராம் தட்டுகளாக வருகிறது, அதில் கால் பங்கு தைமால். சட்டங்களின் மேல் தட்டைத் திறந்தபடி வைத்து, மேலே தேனீ நடமாடக் கொஞ்சம் இடம் விடுங்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது தட்டு. சிறிய கூட்டத்துக்கு 25 கிராம் போதும். வெளி வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் ஆவி எழாது, மருந்து தட்டிலேயே கிடக்கும். வலை போட்ட அடிப்பலகை என்றால் கீழே மூடிவிடுங்கள், தைமால் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கி வெளியேறிவிடும். ஆவி கண்ணறை மூடிக்குள் போகாது, பணித் தேனீயின் கண்ணறை சுமார் 12 நாள் மூடியிருக்கும். ஒரே தட்டோடு நிறுத்தியவர்களின் பெட்டியில் உண்ணி மீண்டும் பெருகுவது இதனால்தான்.

பீர் தயாரிப்பில் சேர்க்கும் ஹாப்ஸ் கொடியின் பீட்டா அமிலத்தில் தோய்த்த பட்டைகளும் உண்டு. அவை தொட்டால்தான் வேலை செய்யும். புழு இல்லாத காலத்தில், அல்லது புதிதாகப் பிரித்த கூட்டத்தில் வைத்தால் நல்ல பலன். கண்ணறைகள் மூடிய புழு நிறைய இருக்கும்போது வைத்துவிட்டுப் பலனில்லை என்பது நியாயமில்லை.

ராணி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது, தேனீக்கள் வாசலில் தாடி போலத் தொங்குகின்றன

கூழ் வைத்த முதல் சில நாட்களில் இது கொஞ்சம் இருக்கவே செய்யும். தட்டுக்கு நேர் கீழே இருக்கும் இளம் புழுக்களைத் தேனீக்கள் இழுத்துப் போடுவதும் உண்டு. ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் வெயிலைப் பாருங்கள். லேபிளில் மேல் வெப்ப எல்லை குறிக்கப்பட்டிருக்கும், தயாரிப்புக்குத் தயாரிப்பு அது வேறுபடும். எல்லையைத் தாண்டினால் ஆவி ஒரேயடியாக எழுந்து ராணியையே இழக்க நேரலாம். தட்டைப் பாதி மூடுங்கள், அல்லது எடுத்து வைத்து வெயில் தணிந்ததும் தொடருங்கள். ஆவித் தைமால், தைமால் பாகு இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்திருந்தால் பாகை உடனே நிறுத்திவிடுங்கள்.

பாகு மட்டும் கொடுத்த கூட்டத்தில் ராணி நின்றால் அளவுப் பிழைதான். மி.லி கணக்கைச் சிரிஞ்சால் அளந்தீர்களா, மூடியால் ஊற்றினீர்களா என்று பாருங்கள்.

தரையில் ஊர்ந்து போகும் தேனீக்கள், இறக்கை மடங்காமல் விரிந்தபடி

மூச்சுக்குழாய் உண்ணியாக இருக்கலாம். 1921-ல் கண்டறியப்பட்ட அகாராபிஸ் வூடி, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஊர்ந்து போகும் தேனீயின் தலையையும் முன்னங்கால்களையும் நீக்கி, மார்பின் முன் வளையத்தை உரித்தால் இரண்டு பெரிய மூச்சுக்குழாய்கள் தெரியும். வெண்மையாகத் தெளிவாக இருந்தால் சரி. பழுப்பு, கறுப்புத் திட்டு இருந்தால் உண்ணி. திட்டு இல்லாவிட்டால் நோசிமா, பூச்சிமருந்து, வைரஸ் என்று வேறு வழியில் தேடுங்கள்.

இதற்கு மெந்தால் படிகம். கூட்டத்துக்கு 50 கிராமை வலைப்பையில் கட்டிச் சட்டங்களின் மேல் வையுங்கள். பகல் வெப்பம் 21 டிகிரியாவது வேண்டும். 27-ஐத் தாண்டினால் பையை அடிப்பலகைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் தேனீக்கள் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். தேன் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே எடுத்துவிட வேண்டும். குளிரான இடங்களுக்குக் கெட்டித் தாவரக் கொழுப்பு ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு பிசைந்து வைப்பது இன்னும் எளிது. உண்ணி இளம் தேனீயைத் தேடித் தாவுவது அதன் மேல்தோல் வாசனையை வைத்துத்தான். கொழுப்பு பூசிய தேனீயின் வயது உண்ணிக்குத் தெரியாது.

எண்ணிக்கை இறங்கியது, இரண்டு மாதத்தில் மறுபடி ஏறிவிட்டது

நோசிமா ஏபிஸ் தொற்று வெயில் காலத்தில் தானாகவே குறையும். வசந்தத்தில் ஊட்டம் கொடுத்து, கோடையில் எண்ணி, "மருந்து பலித்தது" என்பவர்கள் அந்தக் குறைவைத்தான் பார்க்கிறார்கள். ஒன்றிரண்டு கூட்டங்களுக்கு வெறும் பாகு மட்டும் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே முறையில் எண்ணுங்கள். முதல் எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது நான்கு வாரம். முட்டை தேனீயாக 21 நாள், அது வெளிவேலைக்குப் போக இன்னும் நாள் ஆகும். பத்தாம் நாளில் எண்ணினால் பழைய தேனீக்களையே எண்ணுகிறீர்கள்.

உண்மையாகவே இறங்கி ஏறியிருந்தால் வித்து அடைகளில் இருக்கிறது. ஊட்டம் தேனீயின் குடலுக்குப் போகும், கறை பட்ட மெழுகுக்குப் போகாது. கறுத்த, கறை பட்ட அடைகளை உருக்கிவிடுங்கள். நல்ல அடைகளைத் தேனீ இல்லாமல் பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் 80% அசிட்டிக் அமிலம் 120 மி.லி பஞ்சில் நனைத்துச் சட்டங்களின் மேல் வைத்து, இடுக்குகளை ஒட்டி ஒரு வாரம் மூடுங்கள். பிறகு இரண்டு வாரம் காற்றாட விடுங்கள். இந்த அமிலம் தோலையும் கண்ணையும் வேகவைக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் குப்பியைத் திறக்காதீர்கள். ஆணி, உலோக இடைவெளித் துண்டுகள் துருப்பிடிக்கும், கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள். அடைகளை 49 டிகிரியில் ஒரு நாள் வைக்கும் பழைய முறை ஏபிஸுக்குச் சரி. செரானே வித்து 60 டிகிரியையும் தாங்குவதால் அதற்கு நம்ப முடியாது. உறைபெட்டி இதற்கு நேர்மாறு, செரானேயைப் பெரிதும் கொல்லும், ஏபிஸை விட்டுவிடும். எந்த இனம் என்று தெரியாதபோது அமிலம்தான் இரண்டுக்கும் பொது.

ராணியையும் மறந்துவிடாதீர்கள். தொற்றிய ராணியைத் தேனீக்களே மாற்றிவிட முயலும். வயதான ராணி இருக்கும் கூட்டத்துக்குப் புது ராணி கொடுத்தால் கிடைக்கும் தேற்றம், பல நேரம் எந்தச் சாறும் தருவதைவிட அதிகம். மகரந்தப் பஞ்சம் இருந்தாலும் அப்படித்தான். பசியோடு இருக்கும் கூட்டத்துக்கு மூலிகைக்கு முன்னால் மகரந்தம் வேண்டும்.

எடுத்த தேனில் மருந்து வாடை

தேனில் தைமால் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைச் சற்றே தாண்டினாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். தேன் அறை மேலே இருக்கும்போது கூழோ, தைமால் பாகோ, மெந்தாலோ எதுவும் உள்ளே போகக் கூடாது. ஏற்கெனவே வாடை ஏறிவிட்டால் காய்ச்சி விரட்ட நினைக்காதீர்கள், தேன்தான் கெடும். அந்தச் சட்டங்களைத் தனியே குறியிட்டு, விற்பனைத் தேனோடு கலக்காமல், எடுத்த அதே கூட்டத்துக்கே குளிர்காலத் தீவனமாக விட்டுவிடுங்கள். வேறு கூட்டத்துக்குக் கொடுத்தால் தைமாலோடு நோசிமா வித்தும் சேர்ந்து போகும்.